பீங்கான்: கலப்பெயர் மூலப்பொருட்பெயரான வரலாறு – விருத்தாசலத்துத் தொழில் வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

'பீங்கான்' என்னும் சொல் இன்றைய தமிழ்நாட்டு வழக்கில் ஒரு மூலப்பொருளின் பெயராக வழங்குகிறது. அச்சொல்லின் மூல வடிவமோ பாரசீகத்தில் ஒரு கலத்தின் பெயர். ஈழத்தமிழ், சிங்களம், மலையாளம், மலாய் ஆகியவற்றில் அது இன்றும் உண்கலத்தையே குறிக்கிறது. கலப்பெயர் மூலப்பொருட்பெயராகவும், பின்னர் ஒரு தொழிலின் பெயராகவும் மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. விருத்தாசலத்துத் தொழில் வழக்கில் அச்சொல் 'செராமிக்' என்பதற்கு நிகராக நிற்பது பிழையா, இயல்பான பொருண்மை விரிவா என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பீங்கான், கடன்சொல், பொருண்மை மாற்றம், கலப்பெயர், விருத்தாசலம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், கோயிலாலும் தொடர்வண்டிச் சந்திப்பாலும் அறியப்பட்டதைப் போலவே பீங்கான் தொழிலாலும் அறியப்பட்ட ஊராகும். அங்குள்ள தொழிற்பேட்டையில் பொம்மைகள், அகல்விளக்குகள், தேநீர்க் கோப்பைகள், மின்கடத்தாப் பொருள்கள் ஆகியன உருவாகின்றன. இத்தொழிலுக்கெனப் பட்டயப்படிப்பு வழங்கும் அரசுக் கல்வி நிறுவனமும் அவ்வூரில் உண்டு. இத்தொழிற்பேட்டையைச் சிலர் 'பீங்கான் தொழிற்பேட்டை' என்றும் சிலர் 'செராமிக் தொழிற்பேட்டை' என்றும் எழுதுகின்றனர். இரண்டும் ஒன்றையே சுட்டினாலும் இரண்டின் சொற்பொருள் எல்லையும் ஒன்றன்று. பீங்கான் என்பது செராமிக் வகைகளுள் ஒன்று மட்டுமே எனக் கொண்டால் முதல் வழக்கு பொருந்தாது. பொருந்தாத வழக்கு ஒரு நகரத்தின் தொழில் முழுமைக்கும் பெயராக எவ்வாறு நிலைபெற்றது என்னும் வினாவுக்கு விடைகாண அச்சொல்லின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இக்கட்டுரையில் மயக்கம் நேராதிருக்க, சொல்லுக்குரிய பொருள் 'பொருண்மை' என்றும், கலம் செய்யப் பயன்படும் பொருள் 'மூலப்பொருள்' என்றும் குறிக்கப்படுகின்றன.

1. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும்

ஒரு மொழி பிறமொழித் தொடர்பால் புதுப்பெயர் பெறும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று பெயரின் பொருண்மையை மொழிபெயர்த்துக்கொள்ளுதல். மற்றொன்று ஒலிவடிவத்தையே ஏற்றுக்கொள்ளுதல். விருத்தாசலத்தில் இவ்விரண்டுக்கும் சான்று கிடைக்கிறது.

தேவார மூவர் பாடிய இத்தலம் அவர்தம் பதிகங்களில் 'முதுகுன்றம்' என்றே வழங்குகிறது. 'பழமலை' என்பதும் அதே பொருண்மையுடைய பெயர். 'விருத்தம்' என்பது முதிர்ந்ததையும் 'அசலம்' என்பது அசையாததாகிய மலையையும் உணர்த்துதலால், 'விருத்தாசலம்' என்பது முதுகுன்றத்தின் நேர் மொழிபெயர்ப்பாகும். இங்கு பொருண்மை நிலைத்து நிற்க ஒலிவடிவம் மாறியது.

தொழிற்பெயரில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. 'பீங்கான்' என்பதில் ஒலிவடிவம் பெரிதும் நிலைத்து நிற்கப் பொருண்மை மாறியது. மொழிபெயர்க்கப்பட்ட பெயர் பெறும் மொழியின் சொற்களோடு உறவுடையது. அதன் உறுப்புகள் பிரித்துணரத்தக்கவை. ஒலிவடிவாகப் பெறப்பட்ட சொல்லோ பெறும் மொழியில் வேரற்றது. பொருண்மையைக் கட்டிவைக்கும் வேர் இல்லாமையால், அச்சொல் வழங்கும் சூழலுக்கேற்ப எளிதில் நகர்கிறது.

2. பழந்தமிழ்க் கலப்பெயர்களின் அமைப்பு

அந்நகர்வை அறியத் தமிழில் முன்னரே இருந்த கலப்பெயர்களின் அமைப்பை நோக்க வேண்டும். கலம், வட்டில், மண்டை, தசும்பு, தாழி, குழிசி, சாடி எனப் பழந்தமிழில் கலப்பெயர்கள் பல. இவை கலத்தின் வடிவையோ பயனையோ பற்றி எழுந்தவை. கலம் எதனால் ஆயது என்பதை இவை உணர்த்துவதில்லை. வட்டில் பொன்னாலும் ஆகலாம், வெண்கலத்தாலும் ஆகலாம். 'கலம்' என்னும் சொல்லோ உண்கலத்தையும் மரக்கலத்தையும் அணிகலத்தையும் முகத்தலளவையையும் ஒருங்கே குறிக்கும் அளவுக்கு மூலப்பொருளிலிருந்து விலகி நிற்பது.

மூலப்பொருளைச் சுட்டவேண்டிய இடத்தில் தமிழ் அதனை அடைமொழியாக முன்வைக்கிறது. மட்கலம், பொற்கலம், வெள்ளிவட்டில் என்பவற்றில் முன்னிற்கும் சொல் மூலப்பொருளையும் பின்னிற்கும் சொல் வடிவையும் உணர்த்துகின்றன. இவ்விரு இடங்களும் தெளிவாகப் பிரிந்தவை. கலப்பெயர் அடைமொழியிடத்திற்கு ஏறி மூலப்பொருட்பெயராவது இவ்வமைப்பில் இயல்பானதன்று. 'வட்டில் செம்பு' என்றோ 'தாழிக் குடம்' என்றோ கூறி வட்டிலையும் தாழியையும் மூலப்பொருளாக உணர்த்த இயலாது. 'பீங்கான்' என்னும் கலப்பெயரோ இவ்வெல்லையைக் கடந்துள்ளது.

3. சொல்லின் பிறப்பிடம்

'பீங்கான்' என்பது பாரசீகத்துப் 'பிங்கான்' என்பதன் வழியது. பாரசீகத்தில் அது கிண்ணத்தையும் கோப்பையையும் குறிக்கும். அச்சொல்லைக் கிரேக்கத்துப் 'பினாக்ஸ்' என்பதோடு சொற்பிறப்பியலார் தொடர்புபடுத்துவர். கிரேக்கச் சொல் முதலில் மரப்பலகையையும், பின் எழுதுபலகை, ஓவியப்பலகை, தட்டு ஆகியவற்றையும் குறித்தது. பலகை தட்டாகவும் தட்டு கிண்ணமாகவும் மாறிய இந்நிலையிலேயே சொல்லின் பொருண்மை ஒருமுறை நகர்ந்துவிட்டது.

பாரசீகத்தில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருண்மையும் உண்டு. அடியில் சிறுதுளையிட்ட கிண்ணத்தை நீர்நிறைந்த பாத்திரத்தில் மிதக்கவிட்டு, அது நிரம்பி அமிழும் காலத்தை அலகாகக் கொண்டு பாசன நீரைப் பங்கிடும் முறை ஈரானில் இருந்தது. அந்நீர்க்கடிகாரமும் இப்பெயராலேயே வழங்கியது. தமிழிலும் உண்கலத்தின் பெயராகிய 'வட்டில்' என்பதே 'நாழிகை வட்டில்' எனக் காலங்காட்டும் கருவிக்கு ஆயிற்று. தொடர்பற்ற இரு மொழிகளில் ஒரே வகைப் பொருண்மை விரிவு நிகழ்ந்திருப்பது, கருவியின் வடிவே பெயரைத் தீர்மானித்ததைக் காட்டுகிறது. பாரசீகத்தில் 'பிங்கான்' வடிவு பற்றிய பெயராகவே இருந்தது. அதற்கு மூலப்பொருட் பொருண்மை இன்றியமையாததன்று.

அரபு மொழியில் பகரமும் வல்லின ககரமும் இல்லாமையால் இச்சொல் அங்கு 'ஃபிஞ்சான்' ஆயிற்று. இன்றும் அரபு நாடுகளில் காப்பி அருந்தும் சிறுகோப்பைக்கு அதுவே பெயர். துருக்கியிலும் இவ்வடிவே வழங்குகிறது.

4. அண்டை மொழிகளில் வடிவமும் பொருண்மையும்

தமிழ் வடிவம் பாரசீகத்திலிருந்து வந்ததா, அரபு வழியாக வந்ததா என்பதை முடிவுசெய்ய முதலெழுத்து உதவாது. அரபு மொழியின் ஃபகரமும் தமிழில் பகரமாகவே ஒலிக்கும் என்பதற்குப் 'பாத்திமா' முதலிய பெயர்கள் சான்று. முடிவுசெய்வது இடைமெய்யே. அரபு வடிவத்திலிருந்து வந்திருந்தால் தமிழில் 'பிஞ்சான்' என்றாதல் வேண்டும். 'ங்க்' என்னும் மெய்யிணை நிலைத்திருப்பது பாரசீக வடிவமே தமிழுக்கு வந்ததைக் காட்டுகிறது. முதலுயிர் நீண்டது தமிழில் நிகழ்ந்த மாற்றம்.

மலையாள வடிவம் 'பிஞ்ஞாணம்' என்பது. தமிழின் 'கஞ்சி' மலையாளத்தில் 'கஞ்ஞி' ஆவதுபோல, ஞகரத்தை அடுத்த சகரம் அம்மொழியில் ஞகரமாகவே ஒன்றிவிடும். இதனை நோக்க, மலையாள வடிவம் அரபு 'ஃபிஞ்சான்' வழியாக வந்திருக்க இடமுண்டு. மலபார்க் கரையில் அரபு வணிகர்க்கிருந்த செல்வாக்கு இதற்குத் துணைநிற்கிறது. இகரத்தை அடுத்த ஙகரம் அண்ணச்சாயல் பெற்று ஞகரமாகத் திரிந்தது எனக் கொண்டு பாரசீக வடிவிலிருந்தே இதனை விளக்கவும் கூடும். இவ்விரண்டனுள் முன்னையதே எளிமையான விளக்கமாகத் தோன்றுகிறது.

சிங்களத்தில் இச்சொல் தட்டினைக் குறிக்கிறது. மலாய் மொழியில் 'பிங்கன்' என்பது தட்டு. தகாலோக் மொழியிலும் அவ்வாறே. ஈழத்தமிழிலும், தமிழகக் கடற்கரை முசுலிம்களின் வழக்கிலும் 'பீங்கான்' உணவு உண்ணும் தட்டைக் குறிக்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் 'பிங்காணி' என ஈகாரமோ இகரமோ ஈறாகப் பெற்று, தமிழ்நாட்டு வழக்கைப் போல மூலப்பொருளைச் சுட்டுகிறது.

இப்பரவலை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. கடல்வழித் தொடர்புடைய மொழிகளில் பொருண்மை கலமாக நிற்கிறது. தக்காண நிலவழித் தொடர்புடைய மொழிகளில் மூலப்பொருளாக நிற்கிறது. தெலுங்கு, கன்னட வடிவங்களின் ஈற்றுயிர், 'சீனி' என்பதிற்போலப் 'அதனைச் சார்ந்தது' என்னும் பொருண்மை தரும் பாரசீக உரிமையீறாக இருக்கலாம். அவ்வாறாயின் 'பிங்காணி' என்பதற்குக் 'கிண்ணத்துக்குரியது' என்பதே முதற்பொருண்மை; அதிலிருந்து மூலப்பொருட் பொருண்மை கிளைத்தல் எளிது. அவ்வீறு அம்மொழிகளின் இயல்பான ஈற்றுயிராகவும் இருக்கக் கூடுமாதலால் இதனைக் கருதுகோளாகவே கொள்ளல் தகும். தமிழ்நாட்டு வழக்கு இவ்விரு பரப்புகளின் சந்திப்பில் நிற்கிறது. அதன் வடிவம் ஈறு பெறாத கடல்வழி வடிவம். அதன் பொருண்மையோ தக்காண மொழிகளோடு ஒத்தது.

5. பண்டம் வந்த வழியும் சொல் வந்த வழியும்

வெண்மையும் மெருகும் உடைய இக்கலங்கள் சீனத்திலிருந்து வந்தவை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. தமிழகக் கடற்கரையில் கிடைக்கும் இத்தகைய ஓடுகளை நொபொரு கராஷிமா தலைமையிலான ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்திற்குத் தூதுக்குழுக்களை அனுப்பியமையும், சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்தமையும் இருநாட்டு வணிகத் தொடர்பின் நெருக்கத்தைக் காட்டும்.

பண்டம் சீனத்தது, ஆனால் பெயர் சீனத்தது அன்று. கிழக்கிலிருந்து வந்த பண்டத்திற்கு மேற்கிலிருந்து வந்த பெயர் அமைந்தது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் பாரசீகமும் அரபும் வணிகர்களின் பொதுமொழிகளாக விளங்கியமையே இதற்குக் காரணமாகலாம். சொல்லின் பயணவழி பண்டத்தின் பயணவழியைக் காட்டும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்துவதில்லை. சொல் பண்டத்தைச் செய்தவரைச் சுட்டவில்லை, விற்றவரைச் சுட்டுகிறது.

இதே பண்டத்திற்குப் பிறமொழிகள் வேறு அடிப்படைகளில் பெயரிட்டன. ஆங்கிலத்தின் 'சைனா'வும் இந்தியின் 'சீனி மிட்டி'யும் நாட்டால் பெயர்பெற்றவை. 'போர்சலின்' என்பது சோழியைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழியது. பளபளப்பில் கண்ட ஒப்புமை பற்றியது. மூலப்பொருளாகிய வெண்களிமண்ணின் பெயரான 'கயோலின்', சீனத்தில் உயர்குன்று எனப் பொருள்படும் ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. நாடு, ஒப்புமை, கிடைக்கும் இடம் ஆகியன பிறமொழிகளுக்குப் பெயரடிப்படைகளாகத் தமிழுக்குக் கலமே அடிப்படையாயிற்று.

6. கலத்திலிருந்து மூலப்பொருளுக்கு

தமிழ்நாட்டு வழக்கில் கலப்பொருண்மை மறைந்ததை இலக்கண அடிப்படையில் உறுதிசெய்ய மூன்று சோதனைகள் உதவும்.

முதலாவது, எண்ணேற்றல். ஈழத்தமிழில் 'இரண்டு பீங்கான்' என்பது இயல்பான தொடர். தட்டுகள் இரண்டு என்பது பொருள். தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் 'இரண்டு பீங்கான் தட்டு' என்றாலன்றித் தொடர் நிறைவுறாது. மண், பொன் போல எண்ணப்படாப் பெயராகவே இச்சொல் இங்கு நிற்கிறது.

இரண்டாவது, தொகை. 'பீங்கான் தட்டு' என்பது தமிழ்நாட்டில் மூலப்பொருளும் வடிவும் சேர்ந்த இயல்பான தொகை. 'பீங்கான்' என்பதே தட்டாக உள்ள வழக்கில் இத்தொகை கூறியது கூறலாகிவிடும்.

மூன்றாவது, மூலப்பொருள் முரண். மலாய் மொழியில் 'பிளாஸ்டிக் பிங்கன்' எனக் கூறுவதில் முரண் ஏதும் இல்லை. பிளாஸ்டிக்கால் ஆன தட்டு என்பதே பொருள். தமிழ்நாட்டில் 'பிளாஸ்டிக் பீங்கான்' என்பது 'மரப்பொன்' என்பதுபோல் முரணாக ஒலிக்கும்.

இம்மாற்றம் நிகழ்ந்தமைக்குரிய காரணம் இரண்டாம் பகுதியில் கண்ட அமைப்பிலேயே உள்ளது. வடிவுபற்றிய கலப்பெயர்கள் தமிழில் நிறைந்திருந்தன. வந்த கலத்தின் வடிவு புதிதன்று. தட்டும் கிண்ணமும் சாடியும் முன்னரே பெயருடையவை. புதிதாய் இருந்தது வெண்மையும் மெருகும் கொண்ட மூலப்பொருளே. அதற்குத் தமிழில் பெயரில்லை. நிறைந்திருந்த இடத்தில் அயற்சொல்லுக்கு இடமில்லை. வெற்றிடமாய் இருந்த அடைமொழியிடத்தில் அது அமர்ந்தது. 'பீங்கான்' எனப்பட்ட கலம் ஒரே மூலப்பொருளால் மட்டுமே ஆனதாகத் தமிழர் கண்ணுக்குப் பட்டமையால் கலத்தின் பெயர் அம்மூலப்பொருளுக்கு ஆகிவந்தது. இலக்கண நூலார் கூறும் ஆகுபெயர் நெறியில் இதனைக் கலமாகிய காரியத்தின் பெயர் மூலப்பொருளாகிய காரணத்திற்கு ஆகிய காரியவாகுபெயராகக் கொள்ளலாம்.

கலப்பெயர் விரிவடைதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பழைய ஆங்கிலத்தில் மண்பானையைக் குறித்த 'கிராக்' என்னும் சொல்லிலிருந்தே இன்று உணவகங்களில் வழங்கும் 'கிராக்கரி' என்னும் தொகுதிப்பெயர் தோன்றியது. ஒரு பானையின் பெயர் உண்கலத் தொகுதி முழுமைக்கும் ஆயிற்று. எனினும் அது கலம் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றது. 'பீங்கான்' அவ்வெல்லையையும் கடந்தது.

7. தொழில் வழக்கில் மேலும் விரிவு

கடந்தமைக்கு விருத்தாசலத்துத் தொழில் வழக்கே சான்று. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெண்ணிறக் கடத்தாப்பொருளும், வீட்டு மின்பலகையில் உருகிக்கம்பியைத் தாங்கும் உறுப்பும் 'பீங்கான்' எனவே குறிக்கப்படுகின்றன. இவை எவ்வகையிலும் கலமல்ல. இவற்றில் எதையும் இட்டு வைப்பதில்லை. கொலுப் பொம்மையும் அத்தகையதே. கிண்ணத்தைக் குறித்த சொல் கிண்ணத்தோடு வடிவாலும் பயனாலும் தொடர்பே இல்லாத ஒன்றைக் குறிக்கிறது. மூலப்பொருள் ஒற்றுமை ஒன்றே இங்குப் பெயருக்கு அடிப்படை.

அடுத்த நிலையில் மூலப்பொருள் ஒற்றுமையும் தளர்கிறது. களிமண், பெல்சுபார், குவார்ட்சு ஆகியன கலந்து, ஏறத்தாழ 1250 முதல் 1400 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் சுடப்பட்டு, நீர் உறிஞ்சாதவாறு இறுகியதே நுட்பமான பொருண்மையில் பீங்கான். அதனினும் குறைந்த வெப்பத்தில் சுடப்பட்ட, நுண்துளைகளுடைய மெருகிட்ட பொருள்கள் வேறு வகையின. பேச்சு வழக்கு இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. வெள்ளையாய், மெருகுடையதாய், தட்டினால் ஒலிப்பதாய் இருப்பன எல்லாம் அதற்குப் பீங்கானே. 'பீங்கான் தொழில்' என்னும்போது செங்கல்லும் ஓடும் நீங்கலாக, அச்சிலிட்டுச் சூளையில் சுடும் தொழில் முழுமையும் அப்பெயருள் அடங்கிவிடுகிறது.

8. கலைச்சொல் சிக்கல்

இந்நிலையில் 'செராமிக்' என்பதற்கு 'பீங்கான்' என எழுதுவது பிழை என்பார் வாதம் எழுகிறது. சிறுவகையின் பெயரைப் பெருவகைக்கு இடுவது மாணவரை மயக்கும் என்பது அவ்வாதத்தின் சாரம். மாற்றாக இரு சொற்கள் முன்வைக்கத்தக்கன.

'வனைபொருள்' என்பது ஒன்று. வனைதல் என்பது சக்கரத்தில் இட்டுக் கையால் உருவாக்குதலை உணர்த்தும் நல்ல தமிழ்ச்சொல். எனினும் பொம்மைகளும் மின்கடத்தாப் பொருள்களும் பெரும்பாலும் வனையப்படுவன அல்ல. களிமண் குழம்பை அச்சில் ஊற்றியோ பசையை அழுத்தியோ உருவாக்கப்படுவன. செய்முறைகளுள் ஒன்றைப் பெயராகக் கொண்டதால் இச்சொல்லும் பகுதியை முழுமைக்கு ஆக்குவதே.

'சுடுமண்' என்பது மற்றொன்று. இவ்வகைப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு சுடப்படுதலே என்பதால் இது கருத்தளவில் மிகப் பொருத்தமானது. ஆனால் பழைய இலக்கியத்தில் செங்கல்லைக் குறித்த இச்சொல் இன்று தொல்லியலாரால் மெருகிடாத செந்நிற மண்பொருள்களுக்கு வரையறுத்து ஆளப்படுகிறது. மேலும் அலுமினா, சிர்கோனியா முதலியவற்றால் ஆகும் இன்றைய உயர்தொழில்நுட்பப் பொருள்களில் மண்ணே இல்லை.

'செராமிக்' என்னும் சொல்லின் வரலாறும் இதனின் வேறன்று. அதன் மூலமாகிய கிரேக்கக் 'கெராமொசு' என்பது குயவர் களிமண்ணையும் பானையையும் ஓட்டையும் குறித்தது. களிமண்ணே கலவாத பொருளுக்கும் இன்று அப்பெயர் செல்கிறது. அங்குப் பகுதி முழுமைக்கு ஆனதை ஏற்கும் அறிவியல் உலகு, தமிழில் 'பீங்கான்' அவ்வாறு ஆவதை மட்டும் பிழை எனக் கொள்வதற்கு மொழியியல் அடிப்படை இல்லை. கலைச்சொல்லின் தெளிவு அதன் சொற்பிறப்பால் அமைவதன்று; வரையறையால் அமைவது.

எனினும் பாடநூலில் ஒரே சொல் இரு நிலையிலும் வரையறையின்றி ஆளப்படின் மயக்கம் உறுதி. நீர் உறிஞ்சும் பொருளும் உறிஞ்சாப் பொருளும் ஒரே பெயரால் சுட்டப்பட்டால், மின்கடத்தாப் பொருளின் தரத்தை மாணவர் பிழைபட உணர நேரும். ஈரம் புகுந்த கடத்தாப்பொருள் தன் பணியைச் செய்யாது. ஆதலின் நிறுவனப்பெயரிலும் தொழிற்பெயரிலும் நிலைபெற்ற 'பீங்கான்' அவ்வாறே நிற்க, பாடநூலில் அதனை நீர் உறிஞ்சாது இறுகிய வெண்வகைக்கு மட்டும் உரியதாக்கி, பெருவகைக்குச் 'செராமிக்' என்பதையோ வரையறுக்கப்பட்ட ஒரு தமிழ்ச்சொல்லையோ ஒரே சீராக ஆளுதல் ஏற்புடையது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

'பீங்கான்' என்பது பாரசீகக் கலப்பெயரின் வழியது. இடைமெய்யின் நிலைபேறு அரபு வடிவத்தை விலக்குகிறது.

பண்டம் கிழக்கிலிருந்தும் பெயர் மேற்கிலிருந்தும் வந்தமையால், சொல்லின் வழியைக் கொண்டு பண்டத்தின் வழியை முடிவுசெய்தல் எல்லா இடத்தும் பொருந்தாது.

தமிழில் வடிவுபற்றிய கலப்பெயர்கள் நிறைந்திருந்தமையும், புதிய மூலப்பொருளுக்குப் பெயர் இல்லாதிருந்தமையும் இக்கலப்பெயரை மூலப்பொருட்பெயராக மாற்றின.

ஈழத்தமிழிலும் தமிழகக் கடற்கரை முசுலிம் வழக்கிலும் கலப்பொருண்மை உயிருடன் உள்ளது. அதுவே சொல்லின் முந்தைய நிலை. அகராதிகள் அதனைத் திசைவழக்கு எனக் கடைசியில் வைக்காது, பொருண்மை வரிசையில் முதலில் வைத்தல் வேண்டும்.

விருத்தாசலத்துத் தொழில் வழக்கில் இச்சொல் பெற்ற விரிவு பிழையன்று. பலகையிலிருந்து தட்டாகவும் கிண்ணமாகவும் மூலப்பொருளாகவும் வந்த அதே சொல் எடுத்துவைத்த அடுத்த அடியே ஆகும். முதுகுன்றம் தன் பொருண்மையைக் காத்து வடிவத்தை மாற்றிக்கொண்டது; அவ்வூரின் தொழிலோ வடிவத்தைக் காத்துப் பொருண்மையை மாற்றிக்கொண்ட ஒரு சொல்லால் அறியப்படுகிறது. தொழிலாளர் வழக்கில் இன்று ஒலிக்கும் உறுப்புப்பெயர்களையும் செய்முறைப்பெயர்களையும் களஆய்வின்வழித் தொகுப்பின், தமிழ்த் தொழிற்கலைச்சொல் வரலாற்றுக்கு அது உறுதியான அடித்தளமாக அமையும்.